நீங்க இருங்க அண்ணாச்சி, நான் பாத்துக்கிடுதேன்

அடுத்தவர் கையில் இருக்கும் பொறுப்பைச் சத்தம் போடாமல் தன் கைக்கு மாற்றிக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு இந்த வழிகாட்டி. அது கோயில் கொடைக் கமிட்டியாக இருக்கலாம், கூட்டு வியாபாரமாக இருக்கலாம், நாலு தறி ஓடும் கொட்டகையாக இருக்கலாம், மாமனாரின் எலுமிச்சைத் தோப்பாகவும் இருக்கலாம். ஆசை கொஞ்சம் பெரிதென்றால் ஒரு தேசமாகக்கூட இருக்கலாம். முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். செலவுதான் கூடும், குறையும்.

இதைக் கற்றுக்கொள்ள சங்கரன்கோவிலைவிடத் தோதான ஊர் கிடையாது. நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர், தலைவன்கோட்டை, சிவகிரி, சொக்கம்பட்டி, ஊத்துமலை என்று நம் ஊரைச் சுற்றி இருந்ததெல்லாம் பாளையங்களும் அவற்றின் கோட்டைகளும். 1755-இல் தொடங்கி 1801 வரை, கிழக்கிந்தியக் கும்பினிக்காரன் இந்தப் பக்கத்தை எப்படி வளைத்துப்போட்டான் என்பதைப் பாடப் புத்தகத்தில் போர்களின் பட்டியலாகப் படித்துவிட்டோம். போரை விட்டுவிட்டு வரவு செலவை மட்டும் படித்தால், அதைவிட நல்ல கைப்பற்றல் கையேடு உலகத்தில் இல்லை என்பது புரியும்.

ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அரிவாள், ஆள்கட்டு, ராத்திரியோடு ராத்திரியாகப் பூட்டை உடைப்பது என்று யோசிக்கிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பறித்ததை இன்னொருவன் வந்து பறிப்பான். போலீஸ் வேறு வரும். நாம் பேசுவது, உரியவரே நம்மைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சாவியைக் கையில் கொடுக்கிற முறை. ஆயுதம் தேவைப்படாது என்று சொல்லவில்லை. கடைசியில் தேவைப்படும். அந்தச் செலவும் அவர் கணக்கில்தான் எழுதப்படும்.

கணக்கு நோட்டைக் கேளுங்கள், நாற்காலியைக் கேட்காதீர்கள்

கொடைக்கு ஒரு மாசம் இருக்கும்போது கோயில் முன்னால் கூட்டம் போடுவார்கள். தலைவர் பதவிக்கு நாலு பேர் மீசையை முறுக்குவார்கள். நோட்டீஸில் யார் பெயர் மேலே, முதல் மரியாதை யாருக்கு, கரகாட்டமா பாட்டுக் கச்சேரியா என்று ராத்திரி பதினொரு மணிவரை சண்டை போகும். நீங்கள் அதில் வாயே திறக்கக் கூடாது. தூணோரமாக உட்கார்ந்து, காப்பி வந்தால் வாங்கிக் குடியுங்கள். எல்லாரும் ஓய்ந்த பிறகு யாராவது ஒரு பெரியவர் கேட்பார்: “எல்லாம் சரி, தலைக்கட்டு வரி யாருவே பிரிக்கது?” உடனே கூட்டம் அமைதியாகிவிடும். ஒருவர் செருப்பைத் தேடுவார். ஒருவருக்கு போன் வந்துவிடும். வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கி, “அடுத்த வாரம் வாரும்” என்பதை இருபது தடவை கேட்டு, திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறவர்களுக்கு போன் போட்டுக் கெஞ்சுகிற வேலை அது. யாருக்கும் வேண்டாத வேலை.

அப்போது நீங்கள் மெதுவாக எழுந்து, இந்தக் கட்டுரையின் தலைப்பைச் சொல்ல வேண்டும். முகத்தில் கொஞ்சம் சலிப்பு இருக்கட்டும். ஆசை தெரியக் கூடாது. “இவன் ஒருத்தன்தாம்டே ஊருக்காக ஓடுதான்” என்று பெரியவர் சொல்வார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய நீள நோட்டு உங்கள் கைக்கு வந்து சேரும்.

இனி அவசரம் வேண்டாம். யார் முழுசாகக் கொடுத்தார், யார் பாதி கொடுத்தார், நோட்டீஸில் பெயர் போட்டுக்கொண்ட எந்த முக்கியஸ்தர் மூன்று வருஷமாக ஒரு பைசாவும் தரவில்லை என்பது ஊரிலேயே உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். மூன்றாவது கொடைக்குள், பந்தல்காரருக்கு முன்பணம் எவ்வளவு என்பதைத் தலைவர் உங்களைக் கேட்டுத்தான் சொல்வார். நாலாவது கொடையில் தலைவர் ஊரிலேயே இல்லாவிட்டாலும் ஒன்றும் நின்றுபோகாது.

ஆற்காட்டு நவாப் முகம்மது அலி விஷயத்தில் கும்பினி செய்தது இதேதான். திருநெல்வேலிச் சீமைக்குச் சட்டப்படி அதிபதி நவாப். ஆனால் இந்தப் பக்கத்துப் பாளையக்காரர்கள் அவருக்குக் கப்பம் கட்டினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆற்காட்டிலிருந்து வந்து கேட்க அவருக்குச் சக்தி கிடையாது. “நீங்க இருங்க நவாப் அண்ணாச்சி” என்றது கும்பினி. 1755-இல் நவாபின் அண்ணன் மாபூஸ்கானும் கர்னல் ஹெரானும் பட்டாளத்தோடு தெற்கே புறப்பட்டார்கள். கும்பினி கேட்டது நாட்டையல்ல. வசூல் வேலையைத்தான்.

உதவி செய்யுங்கள், ரசீது வைத்துக்கொள்ளுங்கள்

நோட்டு கைக்கு வர வேண்டுமென்றால், நோட்டை வைத்திருப்பவர் முதலில் கஷ்டத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கஷ்டம் வரும்வரை காத்திருங்கள். அதிக நாள் ஆகாது.

முகம்மது அலிக்குக் கஷ்டம் பிறவியிலேயே வந்தது. பட்டத்துக்குப் போட்டியாகச் சந்தா சாகிப் ஒரு பக்கம், அவருக்குப் பின்னால் பிரெஞ்சுக்காரர்கள். 1749-இலிருந்து நடந்த வாரிசுச் சண்டையில் ஆங்கிலேயர்கள் முகம்மது அலிக்காகச் சண்டை போட்டார்கள், ஜெயித்தார்கள், பிறகு பில் அனுப்பினார்கள். சிப்பாய் சம்பளம், குண்டு, மருந்து, மாட்டுவண்டி எல்லாம் நவாப் கணக்கில் ஏறியது. அந்தக் கணக்கைத் தீர்க்க அவர் கடன் வாங்கினார். யாரிடம்? அதே கும்பினியின் உத்தியோகஸ்தர்களிடம், அவரவர் சொந்தப் பெயரில். இதுதான் நுட்பமான இடம், அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். கும்பினிக்குத் தர வேண்டியதைக் கும்பினி ஊழியரிடமே வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறார் நவாப்.

அந்த ஊழியர்களில் பால் பென்ஃபீல்ட் என்று ஒருவர் இருந்தார். இந்தத் துறையில் நுழைகிற ஒவ்வொருவரும் அவர் படத்தைப் பூஜை அறையில் மாட்டலாம். சென்னையில் கும்பினி வேலைக்குச் சாதாரண ஆளாக வந்து சேர்ந்தவர். சேப்பாக்கம் அரண்மனையை நவாபுக்குக் கட்டிக்கொடுத்தவர் என்றும் சொல்கிறார்கள். 1776-இல், நவாப் தன்னிடம் வாங்கிய கடனுக்காகத் தஞ்சாவூர் வருமானத்தை ஈடாக எழுதித் தந்திருக்கிறார் என்று ஒரு கணக்கைக் கொண்டுவந்து வைத்தார். தஞ்சாவூர்க்காரர்களுக்குக் கொடுத்த கடனையும் சேர்த்து மொத்தம் 2,34,000 பவுண்டு. ஆற்காட்டுக்காரர் வாங்கிய கடனுக்குத் தஞ்சாவூர் நெல் ஈடு. ‘ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே’ என்பது இதைத்தான் போலிருக்கிறது.

சென்னை கவர்னர் பிகாட், இது என்ன கூத்து என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. அவருடைய கவுன்சில் உறுப்பினர்களே ஒன்றுசேர்ந்து, 1776 ஆகஸ்ட்டில் கவர்னரைக் கைதுசெய்து, அதிகாரத்தைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் காவலில் இருக்கும்போதே பிகாட் இறந்துபோனார். மற்றவன் நாட்டைக் கைப்பற்றப் போன இடத்தில் சொந்தக் கவர்னரையே கைப்பற்றிப் பயிற்சி எடுத்த கவுன்சில் அது. கூட்டாளிகளில் யார் கேள்வி கேட்பார் என்பதை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள் என்பதற்காகச் சொன்னேன்.

நம் ஊர்ப் பக்கம் இந்த முறையைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டாம். தறி நெசவாளியுடையது, கொட்டகை நெசவாளியுடையது, கரண்ட் பில்லும் அவர் பெயரில். பாவும் நூலும் வருவது வெளியிலிருந்து. பொண்ணு கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணமும் அங்கிருந்துதான். எந்த ரகம் ஓட வேண்டும், தறி எப்போது நிற்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்வார் என்று நீங்களே சொல்லிக்கொள்ளலாம்.

முகத்தை மாற்றாதீர்கள்

புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு, கடை கைக்கு வந்ததும் போர்டை மாற்றுவது. பழைய முதலாளி பெயர் போர்டில் இருக்கட்டும். கல்லாவுக்கு எதிரே நாற்காலி போட்டு அவரை உட்காரவையுங்கள். வருகிறவர்கள் அவருக்குத்தான் வணக்கம் சொல்வார்கள். திட்டுகிறவர்களும் அவரைத்தான் திட்டுவார்கள்.

1781 டிசம்பரில் நவாப் தன் சீமையின் வருமானம் முழுவதையும் ஐந்து வருஷத்துக்குக் கும்பினிக்கு எழுதிக்கொடுத்தார். ஐதர் அலி படை வாசலுக்கு வந்திருந்த நேரம். கவர்னர் மெக்கார்ட்னி பேசி முடித்தார். முடிந்தது கதை என்று நீங்கள் நினைப்பீர்கள். இல்லை. 1785-இல் லண்டனிலிருந்து உத்தரவு வந்தது: வருமானத்தை நவாபிடமே திருப்பிக் கொடு, கடன்காரர்கள் சொன்ன கணக்கை விசாரிக்காமலே ஒப்புக்கொள். நவாப் மேல் இரக்கம் என்று எண்ண வேண்டாம். நவாப் நவாபாக இருந்தால்தான் கடன்காரர்களுக்குப் பாக்கி வசூலாகும். கறவை மாட்டை அடிமாட்டு லாரியில் ஏற்றுவார்களா? இந்த அநியாயத்தைக் கண்டித்து எட்மண்ட் பர்க் 1785 பிப்ரவரி 28 அன்று இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் மணிக்கணக்காகப் பேசினார். பேச்சு இன்றுவரை புகழோடு இருக்கிறது. கடனும் அப்படியே ஒப்புக்கொள்ளப்பட்டது.

1792-இல் அடுத்த உடன்படிக்கை. பாளையக்காரர்களிடம் கப்பத்தைக் கும்பினி நேரடியாக வசூலிக்கும். வசூலித்ததை நவாப் தர வேண்டிய கணக்கில் வரவு வைக்கும். பெயர் நவாபுடையது, கை கும்பினியுடையது. இவ்வளவு அழகான ஏற்பாட்டைக் கொடைக் கமிட்டியில் நான் இன்னும் பார்க்கவில்லை.

சாமி சிலையில் கை வைக்காதீர்கள்

சின்ன எச்சரிக்கைதான். கர்னல் ஹெரான் 1755-இல் மதுரைக்குப் பக்கத்தில் கோவில்குடியில் கோயிலைக் கொள்ளையிட்டு, சாமி சிலைகளைத் தூக்கிக்கொண்டு போனார். திரும்பும் வழியில் நத்தம் கணவாயில் கள்ளர்கள் படையை மறித்து வெளுத்துவிட்டார்கள். சென்னைக்குப் போய்ச் சேர்ந்த ஹெரான்மேல் ராணுவ விசாரணை நடந்தது, வேலையும் போனது. வரி கேட்டால் ஜனங்கள் இழுத்தடிப்பார்கள், சாக்குச் சொல்வார்கள். சாமியைத் தூக்கினால் சாக்குச் சொல்ல மாட்டார்கள். அனுபவசாலிகள் உண்டியல் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்வார்கள்.

வேலைக்கு அனுப்பிய ஆள் திரும்பி வருவான் என்று எண்ணாதீர்கள்

இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள், ஏனென்றால் உங்களுக்கு உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. நீங்கள் சொல்லும் “நான் பாத்துக்கிடுதேன்” என்பதை உங்களுக்குக் கீழே இருப்பவனும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.

மாபூஸ்கானை எடுத்துக்கொள்ளுங்கள். நவாபின் கூடப்பிறந்தவர். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளைக் குத்தகைக்கு எடுத்து, பாளையக்காரர்களை அடக்கி வரி வாங்க வந்தவர். இரண்டே வருஷத்தில் தம்பியோடு பகையாகி, யாரை அடக்க வந்தாரோ அந்த நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவரோடு கைகோத்துக்கொண்டார். வசூலுக்குப் போனவர் வசூல் தராதவர் வீட்டில் விருந்தாளி.

இவரைச் சரிக்கட்ட யூசுப்கானை அனுப்பினார்கள். பனையூரில் பிறந்து, கும்பினிச் சிப்பாய்களுக்குத் தளபதியாக உயர்ந்தவர். மருதநாயகம் என்றால் உங்களுக்குச் சட்டென்று தெரியும். அவர் வேலையில் கெட்டி. பூலித்தேவர் பக்கம் இருந்த திருவிதாங்கூர் ராஜாவைப் பேசித் தன் பக்கம் இழுத்தார். நெற்கட்டும்செவல் கோட்டை மண்கோட்டைதான், ஆனால் சின்ன பீரங்கிக்கு அசையவில்லை. 1760 செப்டம்பரில் திருச்சிராப்பள்ளியிலிருந்து பெரிய பீரங்கிகள் வந்து சேரும்வரை காத்திருந்து, இரண்டு மாசம் போல இடித்தார். 1761 மே 16 அன்று நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் என்ற மூன்று கோட்டைகளும் அவர் கைக்கு வந்தன. இந்தப் பனையூர் நம் பக்கத்துப் பனையூர். அவர் பிறந்த பனையூர் ராமநாதபுரம் சீமையில்.

வேலை முடிந்தது. முடித்தவருக்கு ஒரு யோசனை வந்தது: வசூலிப்பது நான், சண்டை போடுவது நான், நீர்நிலைகளைச் செப்பனிடுவதும் நான், ஆற்காட்டில் இருக்கிறவர் யார்? சொந்தக் கொடியை ஏற்றினார். நவாபும் கும்பினியும் சேர்ந்து மதுரையை முற்றுகை போட்டு, கூட இருந்தவர்களை வைத்தே அவரைப் பிடித்து, 1764 அக்டோபர் 15 அன்று தூக்கில் போட்டார்கள். அந்தக் குழப்பத்தில் பூலித்தேவர் திரும்பி வந்து நெற்கட்டும்செவலை மறுபடி பிடித்துவிட்டார். கும்பினி 1767-இல் கேம்பெல் தலைமையில் திரும்பவும் ஆரம்பத்திலிருந்து வர வேண்டியதாயிற்று.

ஆகவே, நோட்டை எழுத ஒரு பையனை வைத்துக்கொண்டால், கூட்டல் கழித்தலை அவன் செய்யட்டும். கடைசிப் பக்கத்தை நீங்கள் எழுதுங்கள்.

நிற்கவையுங்கள்

நோட்டும் வசூலும் கைக்கு வந்துவிட்டன, ஆட்கள் இன்னும் முழுசாகப் பணியவில்லை என்றால், அலையவிடுவதுதான் மருந்து. இதில் கும்பினிக் கலெக்டர் ஜாக்சன் நிபுணர். 1798-இல் கிஸ்திப் பாக்கிக்காகக் கட்டபொம்மனை ராமநாதபுரத்துக்கு வரச் சொன்னார். கட்டபொம்மன் நடுவழியிலேயே பார்த்துவிடலாம் என்று குற்றாலத்துக்குப் போனார். பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனார். அங்கேயும் அதே பதில். கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி என்று நாம் பஸ்ஸில் போகும் மேற்கு ரோட்டுப் பக்கம்தான் இந்த அலைச்சல். கடைசியில் செப்டம்பர் மாசம் ராமநாதபுரத்தில் பேட்டி கிடைத்தது. மூன்று மணி நேரம் நிற்கவைத்தார் என்று சொல்வார்கள்.

நின்றுகொண்டிருப்பவரிடம் நாற்காலியில் இருப்பவர் எதை நீட்டினாலும் கையெழுத்து கிடைக்கும் என்பது பொதுவிதி. இப்போதும் எத்தனையோ அலுவலகங்களில் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் எல்லாரும் அப்படி நின்றுவிட மாட்டார்கள். ராமநாதபுரத்தில் கைகலப்பாகி, ஆள் சாய்ந்து, விசாரணைக் கமிட்டி வைத்து, கடைசியில் ஜாக்சன் வேலை போனது, லூஷிங்டன் வந்தார். கலெக்டர் மாறினாரே தவிர, கிஸ்திப் பாக்கி மாறவில்லை. மறுவருஷம் அக்டோபரில் கயத்தாற்றில் புளியமரம்.

கையெழுத்து வாங்கும் நாள்

முன்னால் செய்த எல்லாம் ஒழுங்காக இருந்தால் இது ஒரு சாயங்கால வேலைதான்.

1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும், திப்புவின் கடிதக் கட்டுகளில் ஆற்காட்டு நவாபுகளின் கடிதங்கள் கிடைத்தன என்றது கும்பினி. அவற்றில் துரோகம் இருந்ததா, வெறும் நலம் விசாரிப்பு இருந்ததா என்று வரலாற்றுக்காரர்கள் இன்னும் விவாதிக்கட்டும்; நமக்குத் தேவை, கட்டு நம்மிடம் இருப்பது. அப்போதைய நவாப் உம்தத்துல் உமாரா நோய்ப்படுக்கையில் இருந்தார். 1801 ஜூலை 15 அன்று இறந்தார். வாரிசு அலி உசேனிடம் ஒப்பந்தத்தை நீட்டினார்கள்: பட்டம் உனக்கு, நாடு எங்களுக்கு. மாட்டேன் என்றுவிட்டார். அதற்காக யாரும் கவலைப்படவில்லை. ‘சரி’ என்று சொல்லும் இன்னொரு வாரிசு அதே குடும்பத்தில் இருந்தார். ஜூலை 31 அன்று அசீம் உத்தௌலா கையெழுத்துப் போட்டார். வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு. மீதி எல்லாமும், நிர்வாகமும், கர்நாடகம் என்று அப்போது சொன்ன நவாபின் சீமை முழுதும் கும்பினிக்கு. கவர்னர் எட்வர்ட் கிளைவ், பழைய ராபர்ட் கிளைவின் மகன். தகப்பன் தொடங்கிய கணக்கை மகன் முடித்துவைத்தார்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: கையெழுத்துப் போட வேண்டிய ஆள் மறுத்தால் ஆளை மாற்றுங்கள், பத்திரத்தை மாற்றாதீர்கள். எந்தக் குடும்பத்திலும் ஒரு சித்தப்பா மகன் இருப்பார்.

கையெழுத்துக்குப் பிறகு கோட்டையை இடியுங்கள். 1801 டிசம்பர் 1 அன்று கும்பினி பிரகடனம் போட்டது: பாளையங்கள் ஒழிந்தன, கோட்டைகள் இடிக்கப்படும், ஆயுதம் யாரும் வைத்திருக்கக் கூடாது. ஊருக்கு ஊர் காவல் காத்து அதற்கு வாங்கிய காவல் வரியும் பாளையக்காரர்களுக்குப் போயிற்று. அனுசரித்துப் போனவர்கள் ஜமீன்தார்கள் ஆனார்கள். கட்ட வேண்டிய தொகையை எழுதி சன்னது கொடுத்தார்கள். நூற்றைம்பது வருஷம் கழித்து, 1948-ஆம் வருஷச் சட்டத்தால் அரசாங்கம் ஜமீன்களையும் எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டவனிடமிருந்து எடுத்துக்கொள்வதற்கும் வழிகாட்டி இதேதான். தனியாக இன்னொன்று எழுதத் தேவையில்லை.

பாதிப் பாதி என்று யாராவது வந்தால்

சங்கரன்கோவிலில் இருந்து எழுதுவதால் இதைச் சொல்லாமல் விட முடியாது. சங்கன் என்ற நாகம் சிவன்தான் பெரியவர் என்றது. பதுமன் என்ற நாகம் திருமால்தான் என்றது. வழக்கு கோமதி அம்மனிடம் போனது. அம்மன் தவம் இருந்தார். ஆடி உத்திராடத்தில் ஒரே உடம்பில் பாதி சங்கரன், பாதி நாராயணன் என்று காட்சி கிடைத்தது. அதைப் பார்க்கத்தான் ஒவ்வொரு ஆடித்தபசுக்கும் லட்சக்கணக்கில் ஜனம் கூடுகிறது. வந்தவர்கள் புற்றுமண்ணை நெற்றியில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போய், வாய்க்கால் வரப்புக்கு அண்ணன் தம்பி மேல் கேஸ் போடுகிறார்கள்.

நம் தொழிலுக்கு ஆபத்து இந்தச் சாமிதான். எதிராளி விவரமானவராக இருந்து, “எதுக்குடே சண்டை? ஆளுக்குப் பாதி, நோட்டு ரெண்டு பேருகிட்டயும் இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டால், இதுவரை சொன்ன அத்தனை உபாயமும் வீண். இரண்டு பேர் எழுதும் நோட்டில் கடைசிப் பக்கம் என்று ஒன்று கிடையாது. அப்படிப்பட்டவரைப் பார்த்தால் வேறு கமிட்டி பாருங்கள்.

இன்னொரு வகை ஆளும் உண்டு. கடன் வாங்க மாட்டார். நோட்டைத் தர மாட்டார். நிற்கச் சொன்னால் உட்காருவார். பூலித்தேவர் அந்த ரகம். அவரைப் பற்றி இந்த வழிகாட்டியில் ஒரு உபாயமும் இல்லை, ஏனென்றால் கும்பினியிடமும் இருக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் பீரங்கிதான் பேசியது. கோட்டையை எடுத்தார்கள், ஒரு கையெழுத்துகூட அவரிடம் வாங்கவில்லை. சிறைபிடித்துப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோகும் வழியில், சாமி கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்று சங்கரன்கோவில் கோயிலுக்குள் போனவர் அப்படியே மறைந்துவிட்டார் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. கோயிலுக்குள் அவர் பெயரில் ஓர் அறையைக் காட்டுவார்கள். காவலுக்கு நின்ற சிப்பாய்கள் வெளியே எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை.

பலன்களையும் பார்த்துவிட்டு இறங்குங்கள். ஆற்காட்டு நவாப் பட்டம் 1855-இல் நேர்வாரிசு இல்லை என்று முடித்துவைக்கப்பட்டது. சேப்பாக்கம் அரண்மனை அரசாங்க அலுவலகமாயிற்று. பிறகு குடும்பத்துக்கு ஆற்காடு இளவரசர் என்ற பட்டம் கொடுத்தார்கள். அந்தப் பட்டமும் மானியமும் இன்றும் தொடர்கின்றன. ராயப்பேட்டையில் அமீர் மஹால் இருக்கிறது. பூலித்தேவருக்கு நெற்கட்டும்செவலில் மணிமண்டபம் இருக்கிறது. ஒவ்வொரு செப்டம்பர் 1-ஆம் தேதியும் அங்கே அரசு விழா நடக்கும். வரி கட்ட மாட்டேன் என்று சொன்னவர் சிலைக்கு மாலை போட வருகிறவர்களில் மாவட்டக் கலெக்டரும் ஒருவர்.